இடமும் ஆண்டும்

ஜூலை 13, சனி

முழங்கால் இரண்டும் கெஞ்சுகின்றன. நேற்று திறப்பு விழாவில் நஸ்ரீன் எனக்கென்று நாற்காலி போட்டுத்தான் வைத்திருந்தாள். உட்கார்ந்தால் கிழவி என்பார்களே என்று விழா முடியும்வரை நின்றேன். வீம்புக்குக் கூலி இன்று தைலமும் வெந்நீரும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கண்காட்சி பிரமாதம். கலைக்கல்லூரியில் என்னிடம் ஒளிப்படம் படித்த பெண், இன்று சொந்தமாகக் கலைக்கூடம் நடத்துகிறாள், தன் டீச்சரின் படங்களை மட்டுமே சுவர் சுவராக மாட்டியிருக்கிறாள். எல்லாம் ஃபிலிமில் எடுத்து நானே இருட்டறையில் கழுவிப் போட்ட கறுப்பு வெள்ளை. நஸ்ரீனுக்குச் சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை.

பேசச் சொன்னார்கள், பேசினேன். என் படங்களுக்கு ஏன் தலைப்பே இல்லை என்று ஒருவர் கேட்டார். 'ஏக்கம்', 'தாகம்' என்றெல்லாம் பேர் வைப்பது காலண்டர் போடுகிறவர்கள் வேலை ஐயா, என் படத்துக்குக் கீழே இடமும் ஆண்டும்தான் இருக்கும், படத்தில் நான் பொய் சொல்வதில்லை, எழுத்திலும் சொல்ல மாட்டேன் என்றேன். கைதட்டல்.

எல்லோரும் மொய்த்தது 'வேதாரண்யம், 2023' முன்னால்தான். உப்பளத்தில் வேலை முடித்த ஒரு பெண், தலையை அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு, முகத்தில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறாள். பின்னால் முழுக்க வெள்ளை. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது. அழைப்பிதழிலும் அதைத்தான் போட்டிருக்கிறாள் நஸ்ரீன்.

கூட்டம் கலைந்த பிறகும் ஒருவர் அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி, ஐம்பத்தைந்து வயதிருக்கும். கோவை, கரூர்ப் பக்கத்துப் பேச்சு, வாய்க்கு வாய் 'ங்க'. பேர் தங்கராசு என்றார். "ஏனுங்க மேடம், இது எந்த எடத்துல எடுத்தீங்க? அந்த வெளிச்சம் அப்படியே இருக்குதுங்களே!" வெளிச்சத்தைப் பற்றிக் கேட்கிற ரசிகரைக் கண்டு எத்தனை காலமாயிற்று! எனக்குத் தலைகால் புரியவில்லை. கோடியக்கரை போகிற சாலை, உப்புக் கிடங்கு தாண்டி இடது பக்க வரப்பு, எல்லாம் சொன்னேன். அழைப்பிதழின் பின்பக்கம் வழிகூட வரைந்து, கீழே என் எண்ணையும் வீட்டு விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன். கைகூப்பி வாங்கிக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதர்களுக்காகத்தானே படம் எடுக்கிறோம்.

ஜூலை 14, ஞாயிறு

பேப்பரில் படம் வந்திருக்கிறது, அரைப் பக்கத்துக்கு. கீழே இடமும் ஆண்டும் சரியாகவே போட்டிருக்கிறார்கள். இட்லிக்கு அரைத்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

நஸ்ரீன் மத்தியானம் போன் செய்து, வேதாரண்யத்திலிருந்து யாரோ உங்கள் எண் கேட்டார்கள் மேம், கொடுத்துவிட்டேன் என்றாள். இன்னொரு ரசிகர் என்று நினைத்துக்கொண்டேன். புடவை மாற்றிக்கொண்டு உட்காராததுதான் பாக்கி.

"மேடம், எம்பேரு விமல்ராஜுங்க. அந்தப் படத்துல இருக்கறது எஞ்சம்சாரம் மோனிஷாங்க. அந்தப் படத்த எடுத்துருங்க. இன்னிக்கே எடுத்துருங்க."

ஏனப்பா, நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். அப்போதுதான் சொன்னான். இருவரும் வேறு வேறு சாதி. வீட்டை விட்டு வந்து கல்யாணம் செய்துகொண்டவர்கள். பெண்ணின் அப்பாவும் அண்ணனும் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். முதலில் இருந்த ஊரில் வந்து வெட்டினார்கள். இவனுக்கு இடது கை அன்றோடு சரி. போலீசுக்குப் போனால், பேசித் தீர்க்கலாம் என்று இரண்டு வீட்டையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து, இவர்கள் முகவரியை அவர்கள் காதுபடவே கேட்டு எழுதினார்களாம். அதற்குப் பிறகுதான் கடல் ஓரமாக உப்பளத்துக்கு வந்து ஒளிந்திருக்கிறார்கள்.

"ஒடனே வேற ஊருக்குப் போயிருவோமுங்க. ஆனா அவளுக்குக் கொழந்த பொறந்து ஒரு வாரந்தானுங்க ஆச்சு. வயித்தக் கிழிச்சு எடுத்தாங்க. தையல் காயல. நடக்கவே முடியல."

பெண்ணின் அப்பா பேர் என்ன என்று கேட்டேன். சொன்னான்.

"யாராச்சும் வந்து எடம் கேட்டாங்களாங்க மேடம்?"

இல்லை என்றேன்.

"பேப்பர்லயெல்லாம் வராதுன்னு அவகிட்டச் சொன்னீங்களாமே?" என்று கடைசியாகக் கேட்டான். எனக்கு அப்படிச் சொன்ன நினைவு இல்லை.

ஜூலை 17, புதன்

நஸ்ரீனுக்குப் போன் செய்து அந்தப் படத்தைக் கழற்றிவிடு என்றேன். ஏன் மேம் என்றாள். சும்மாதான் என்றேன். "சும்மாவா? அதப் பாக்கத்தானே மேம் எல்லாரும் வர்றாங்க!" என்றாள். காரணத்தைச் சொன்னால், யாரிடமாவது இடத்தைச் சொன்னீர்களா என்று அடுத்து கேட்பாள். பிறகு பேசுவோம் என்று வைத்துவிட்டேன்.

நான் என்ன செய்தேன்? ஒருவர் கேட்டார், சொன்னேன். வேதாரண்யத்தில் உப்பளம் ஒன்றா இரண்டா? கண்ணுக்கெட்டிய மட்டும் அதே வரப்பு, அதே வெள்ளை. என் கோட்டுப் படத்தை வைத்துக்கொண்டு எனக்கே வழி கண்டுபிடிக்க முடியாது.

எதிர் டீக்கடையில் காலையிலிருந்து ஒரு இளைஞன் பைக்கில் சாய்ந்து நிற்கிறான். நான் துணி காயப்போடப் பால்கனிக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தான். யாராவது பெண்ணுக்காகக் காத்திருப்பானாயிருக்கும். அந்தக் கடை டீக்காக இவ்வளவு நேரம் யாரும் நிற்க மாட்டார்கள்.

பிரஷர் மாத்திரை போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை. போடாமல் விட்டேன்.

ஜூலை 18, வியாழன்

அவரே கூப்பிட்டார்.

"மேடமுங்க, தங்கராசு பேசறனுங்க. நல்லாருக்கீங்களா? சாப்ட்டீங்களா?" என்ன மரியாதை! "நீங்க வரஞ்சு குடுத்த எடத்துக்குப் பையன அனுப்பிச்சேனுங்க. கிடங்கு இருக்குது, வரப்பு இருக்குது. அந்தப் புள்ளயத்தான் காணமுங்க. அங்கிருக்கறவங்க வாயே தொறக்க மாட்டேங்கறாங்க. அதான், ஞாயித்துக்கெழமை நானே வண்டி எடுத்துட்டுப் போறனுங்க. நீங்க ஒரு எட்டு கூட வந்து, இந்த ஊடுதான்னு கை காட்டிட்டீங்கன்னாப் போதும். உங்களுக்கு ஒரு செரமமும் இல்லாமக் கூட்டிட்டு வந்து உட்டுர்றனுங்க."

எதற்குத் தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"எம்பொண்ணுங்க" என்றார்.

வர மாட்டேன் என்றால் அவர் விட்டுவிடவா போகிறார்? நான் இல்லாமலே போவார். கிடங்கு தெரிந்துவிட்டது, வரப்பு தெரிந்துவிட்டது. வீடு வீடாகக் கதவைத் தட்டினால் எத்தனை நேரமாகும்? பச்சை உடம்புக்காரி ஓடக்கூட முடியாதே.

நானே பஸ் ஏறிப் போய் அவளை எங்காவது கூட்டிப் போகலாமா என்று பார்த்தால், கீழே அந்த பைக் இளைஞன் நிற்கிறான். 'பையன அனுப்பிச்சேன்' என்றாரே, அவனாகத்தான் இருக்கும். நான் எங்கே போனாலும் பின்னாலேயே வருவான். போனால் நானே வீடு காட்டியவளாவேன்.

"அந்தப் படத்தைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், கிளம்புவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்துவிட்டேன். என்ன காட்டப் போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது. கதவுக்கு மேல்தாழ்ப்பாளும் போட்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது. வேறு வார்த்தை எதுவும் இல்லை.

ஜூலை 19, வெள்ளி

சாப்பிடவில்லை. காலையிலிருந்து இருட்டறையில்தான், அதாவது என் குளியலறையில். ஜன்னலில் கறுப்புத் துணி, கம்மோடு மேல் பலகை, பலகை மேல் தட்டுகள். முப்பது வருஷம் மாணவர்களிடம் எதைச் செய்யாதே என்று கத்தினேனோ அதை இன்று செய்தேன்.

அதே நாள் எடுத்த சுருளில், அதே பெண், அதே இடம், துண்டால் முகம் துடைக்கிற மாதிரி ஒன்று இருந்தது. முகம் தெரியாது. அதை ஒரு பிரிண்ட் போட்டேன். பிறகு நல்ல படத்திலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கி, சுற்றியிருந்த வெள்ளையை முழுக்க மையால் கறுப்பாக்கினேன். மாடியில் மழையில் நிற்கிற ஒரு பெண் போல ஆகிவிட்டது. உதட்டுக்குக் கீழே ஒரு மச்சம், பெற்றவன் முதலில் தேடுவது அதைத்தான். பிளேடு நுனியால் சுரண்டி, பிரஷ்ஷால் அடைத்தேன். மூன்று பிரிண்ட் பாழ். நாலாவதில் மச்சம் போயிற்று. அதைப் பழைய கேமராவில் படம் எடுத்து, கழுவி, ஃபிலிம் புதுசு என்று காட்டிக்கொடுக்கும் விளிம்பு எழுத்துகளைக் கத்தரித்துவிட்டு, மக்கிப்போன பழைய உறை ஒன்றில் போட்டு வைத்தேன். நாளை நான் சொல்லப் போவது இதுதான்: உடம்பு ஒரு படம், முகம் வேறொரு படம், இரண்டையும் ஒட்டிச் செய்தேன். அப்படி ஒரு பெண் வேதாரண்யத்தில் இல்லவே இல்லை.

நன்றாகத்தான் வந்திருக்கிறது.

மருந்து நாற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது அன்றைக்கு நடந்தது பூராவும் ஞாபகம் வந்தது. அவள் தண்ணீரை வழித்துவிட்டுக் கண் திறந்தாள். கேமராவைப் பார்த்ததும் திடுக்கிட்டாள். "பேப்பர்ல கீப்பர்ல வந்துருமாங்க டீச்சர்?" என்றாள். "சீச்சீ, இது கலைப்படம்மா, பேப்பர்க்காரன் இதையெல்லாம் போட மாட்டான்" என்றேன். அவள் பயப்படுகிறாள் என்று தெரிந்தது. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

அசல் நெகடிவ் வீட்டில் இருக்கக்கூடாது. அந்த பைக் இளைஞன் வந்து கிளறினால் எல்லாம் போச்சு. அடுப்பைப் பற்றவைத்து, தாளிக்கிற கரண்டியில் போட்டேன். சுருண்டு, பொங்கி, ஒன்றுமில்லாமல் போனது. அழுதேன். அந்தப் பெண்ணுக்காக அழுதேன் என்று எழுத ஆசைதான். படத்துக்காகவும்தான் அழுதேன்.

ஜூலை 20, சனி

இருவரும் வந்தார்கள். தங்கராசும், அந்த பைக் இளைஞனும். "எம்மகனுங்க, பிரகதீஷ்" என்றார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார்கள். காப்பி கொடுத்தேன். தங்கராசு குடித்தார். மகன் தொடவில்லை.

நான் சொல்லத் தொடங்கினேன். வகுப்பெடுக்கிற குரல் தானாக வந்தது, நல்லவேளை. இந்தப் படம் உண்மை இல்லை. இது உடம்பு. இது முகம். இவள் என் பழைய மாணவி, உங்கள் பெண் பிறப்பதற்கு முன்னாலேயே எடுத்தது, செத்துப்போய்விட்டாள். ஒட்டிச் செய்தேன். வெளியே சொல்ல வெட்கம்.

மகன் நெகடிவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தான். போனில் படமெடுத்துக்கொண்டான். "மோனிஷாவுக்கு இங்க மச்சமிருக்கும்" என்று உதட்டுக்குக் கீழே விரல் வைத்தான். "கண்காட்சில இருக்கற படத்துல மச்சம் இருக்குது. இதுல இல்ல."

"அது மச்சமில்லை, தூசி. ஃபிலிமில் தூசி உட்கார்ந்தால் பிரிண்டில் கறுப்புப் புள்ளியாக விழும். தொட்டு அழிக்க வேண்டும். வயசாகிவிட்டது, கவனிக்காமல் விட்டுவிட்டேன்" என்றேன். நெகடிவில் தூசி இருந்தால் உண்மையில் வெள்ளைப் புள்ளிதான் விழும், அப்படியும் என் கையிலிருந்து புள்ளியோடு ஒரு பிரிண்ட் வெளியே போனதே கிடையாது. என் மாணவர்களைக் கேட்டால் துண்டைப் போட்டுத் தாண்டிச் சத்தியம் செய்வார்கள். இவர்களுக்கு அது தெரியாது.

தங்கராசு இரண்டு பிரிண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார். "அப்ப இது எம்புள்ள இல்லீங்களா" என்றார். பிறகு அழுதார். சத்தமில்லாமல், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு. "அவ அம்மா சோறு தண்ணி எறங்காமக் கெடக்கறாளுங்க. ஒருக்கா மூஞ்சியப் பாத்தாப் போதுமுன்னு…"

வாய்வரை வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. ஒரு மனிதன் என் வீட்டுக் கூடத்தில் அப்படி அழுகிறான், அவன் பேத்தியோ பேரனோ பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. "பார்த்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தான். "அது எங்க ஊட்டுச் சமாச்சாரமுங்க" என்றான்.

கிளம்பும்போது தங்கராசு கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "நீங்க சொல்றது நெசமுன்னா, ஊரறியச் சொல்லுவீங்களாங்க மேடம்? அந்தப் பேப்பர்லயே? அது வர்ற வரைக்கும் நாங்க வண்டி எடுக்கல. நீங்க பேப்பர்ல சொல்லீட்டா நம்பிக்கறமுங்க. பெரிய மனுசி, இல்லாததச் சொல்லி உங்க பேர நீங்களே கெடுத்துக்க மாட்டீங்க."

சொல்கிறேன் என்றேன்.

கதவைச் சாத்திய பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

கலைக்கூடத்துக்குப் போய் 'வேதாரண்யம், 2023' அட்டையைப் பிய்த்துவிட்டு, 'இரண்டு நெகடிவ்களின் சேர்க்கை' என்று என் கையாலேயே எழுதி ஒட்டினேன். பேப்பர்க்காரப் பெண்ணை வரச் சொல்லியிருந்தேன். ஒட்டுப் படத்தை உண்மைப் படம் என்று இத்தனை நாள் சொல்லிவந்தேன், தப்பு, எல்லோரும் மன்னிக்க வேண்டும் என்றேன். அவள் நான் சொல்லச் சொல்லப் பதிவு செய்தாள். கண்ணெல்லாம் அவளுக்கு மின்னியது, நல்ல செய்தி அல்லவா.

நஸ்ரீன் அந்தப் பெண் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"என்ன மேம் சொல்றீங்க நீங்க?"

"அதான் சொன்னேனே."

"ஃபர்ஸ்ட் இயர்ல நான் ரெண்டு நெகடிவ ஒட்டிக் கொண்டு வந்தேன்னு க்ளாஸ விட்டே வெளிய அனுப்புனீங்க. மேம், என்னைப் பாத்துச் சொல்லுங்க. யாராச்சும் மிரட்டுறாங்களா?"

அவளைப் பார்க்காமல், இல்லை என்றேன். இவளிடம் சொல்லியிருக்கலாம். கொன்றாலும் வெளியே விடமாட்டாள். ஆனால் அன்றைக்கு அந்த மனிதரிடமும் நம்பித்தானே சொன்னேன்? எனக்கு என் வாய் மீதே நம்பிக்கை விட்டுப்போயிற்று.

"அப்ப மத்த படம்? அதெல்லாமாவது நெசமா மேம்?" என்று கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 22, திங்கள்

வந்துவிட்டது. நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக. டீக்கடையில் பைக் இல்லை.

ஜூலை 25, வியாழன்

கண்காட்சியை நேற்றோடு மூடிவிட்டார்கள். என் படங்களைப் புத்தகமாகப் போடுவதாக இருந்தவர்கள், இப்போதைக்கு வேண்டாம் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டார்கள். பழைய மாணவர்கள் யார் யாரோ எழுதுகிறார்கள். 'உங்களை நம்பித்தானே கேமராவையே தொட்டேன்' என்று ஒருவன். கொல்லத்தில் ஒருத்தி நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரிண்டைக் கிழித்து, கிழித்ததைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். படம் அவுட் ஆஃப் ஃபோகஸ். அதைச் சொல்லித்தான் கொடுத்தேன்.

நஸ்ரீன் கூப்பிடவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஆனால் என்னைப் படுக்கவிடாமல் செய்வது இது எதுவுமில்லை. தங்கராசு நம்பினாரா? நம்பிவிட்டார் என்றால் ஏன் ஒரு போன்கூட இல்லை? பைக் இல்லாதது நல்லதா, அல்லது அது வேதாரண்யத்தில் நிற்கிறதா? லிஃப்ட் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன். கேஸ்காரன் மணி அடித்ததற்குத் திறக்காமல் இருந்துவிட்டேன். அவன் சிலிண்டரைத் திருப்பி எடுத்துப் போய்விட்டான்.

விமல்ராஜ் எண்ணுக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

இன்று காலை ஒரு புது எண். எடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே இருந்து, கடைசி மணியில் எடுத்தேன்.

"டீச்சருங்களா?"

பின்னால் குழந்தை அழுதது. இருக்கிறாள். இருக்கிறாள்!

"பேப்பர்ல பாத்தோமுங்க. நான் ஒட்டு வேலைன்னு போட்டிருந்தீங்க." சிரித்தாளா என்று சரியாகத் தெரியவில்லை. "தையல் பிரிச்சாச்சுங்க. இன்னிக்குக் கெளம்பறோம். அவரு சொல்லிட்டுப் போலாமுன்னாரு."

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு, நல்லபடியாகப் போய் வா என்று சொல்லியிருக்கலாம். முடியவில்லை. ஒரு வாரமாக அந்த மனிதர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுத அழுகை என்னை அரித்துக்கொண்டிருந்தது.

"மோனிஷா, உன் அப்பா என் வீட்டுக்கு வந்திருந்தார். ரொம்ப அழுதார்ம்மா. உன் அம்மா சாப்பிடுவதே இல்லையாம். ஒருவேளை மனசு மாறியிருக்கலாம். பேரக்குழந்தை பிறந்திருக்கிறது என்று மட்டுமாவது…"

"போன தடவையும் அழுதாருங்க" என்றாள்.

நான் நிறுத்தினேன்.

"கதவுக்கு வெளிய நின்னுட்டு, பாப்பா ஒருக்கா மூஞ்சியக் காட்டு சாமி, அம்மா சோறு திங்கறதில்லன்னு அழுதாரு. நெசமாவே அழுதாருங்க டீச்சர், பொய்யில்ல. அதக் கேட்டுட்டுத்தான் நான் தாழ்ப்பாளத் தொறந்தேன். அண்ணன் பின்னால நின்னுட்டிருந்தான்."

குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது. தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. என் வீட்டுத் தெருவிலா, அவள் பக்கமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"எந்த ஊருக்கும்மா போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டது உறைத்தது.

"அது வேண்டாமுங்க டீச்சர்."

"சரி. சரிம்மா. குழந்தைக்கு என்ன பேர் வைத்திருக்கிறாய்?"

அவள் குழந்தையைத் தோள் மாற்றினாள் போலிருந்தது. துணி உரசுகிற சத்தம் கேட்டது.

"அதும் வேண்டாமுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. குழந்தையிடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "நீங்க நல்லவங்கதானுங்க. யாராச்சும் நல்லபடியாக் கேட்டாச் சொல்லிப்போடுவீங்க."

சரிம்மா என்றேன். அவள் வைத்த பிறகும் போனைக் காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.